துப்பறியும் கதை வாசகருக்கு நாஞ்சில்நாட்டிலிருந்து சில பரிசுகள்

துப்பறியும் கதைகளில் தோய்ந்த ஒரு நண்பருக்கு என்ன பரிசளிக்கலாம்? மேலைநாடுகளில் இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே கடைகள் இருக்கின்றன. காதுமடல் வைத்த வேட்டைத் தொப்பி, வளைந்த புகைக்குழாய், உருப்பெருக்கிக் கண்ணாடி, பேக்கர் தெரு 221பி என்று எழுதிய கோப்பை. ஷெர்லக் ஹோம்ஸின் பெயரால் விற்கப்படும் இப்பொருட்களைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தொப்பியைப் பிரபலமாக்கியது கானன் டாயில் அல்ல, கதைகளுக்குப் படம் வரைந்த சிட்னி பேஜெட். வளைந்த புகைக்குழாயைக் கொண்டுவந்தவர் மேடையில் ஹோம்ஸாக நடித்த வில்லியம் கில்லெட். தடயங்களை மட்டுமே நம்பிய ஒருவரின் நினைவாக, அவர் கதைகளில் போதிய தடயமில்லாத பொருட்களை நாம் பரிசளித்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் இப்படிப்பட்ட பரிசுப் பொருட்கள் இல்லை. சங்கர்லாலின் தேநீர்க் கோப்பையோ சாம்புவின் மூக்கோ சந்தைக்கு வரவில்லை. ஆகவே வேறு சில பரிசுகளைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எல்லாம் நாஞ்சில்நாட்டுச் சரக்குகள். சரியாகச் சொன்னால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களே நாஞ்சில்நாடு. இங்கே வசதி கருதி இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் அப்பெயரால் சுட்டுகிறேன். இம்மண் புகழ்பெற்ற துப்பறியும் கதாநாயகன் எவனையும் தமிழுக்குத் தரவில்லை. ஆனால் 'உண்மையை எப்படி நிரூபிப்பது?' என்ற கேள்வியை, அதாவது துப்பறியும் கதையின் உயிர்நிலையான கேள்வியை, இம்மண் பல நூற்றாண்டுகளாக விதவிதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் பரிசுகளாகப் பிரித்துவைக்க முயல்கிறேன்.

*

முதலில் தமிழில் துப்பறியும் கதை வந்த வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1894இல் பண்டித ச.ம. நடேச சாஸ்திரி 'தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புத குற்றங்கள்' என்ற நூலை வெளியிட்டார். தமிழின் முதல் துப்பறியும் நூலாக இதைச் சொல்வது வழக்கம். யார் இந்தத் தானவன்? அசுரன் என்று பொருள்படும் இப்பெயரைக் காவலர் ஒருவருக்கு வைப்பானேன் என்று குழம்பவேண்டாம். ஆங்கிலத்தில் மடக் என்பவர் 'டிக் டானவன்' என்ற புனைபெயரில் எழுதிக் குவித்த கிளாஸ்கோ துப்பறிவாளர்தான் நம்மூரில் தானவன் ஆனார். ஹோம்ஸ் கதைகள் 'ஸ்ட்ராண்ட்' இதழில் புகழ்பெறத் தொடங்கிய அதே ஆண்டுகளில் டானவனும் வாசகர்களிடையே புகழோடிருந்தார். நடேச சாஸ்திரி நாட்டார் கதைகளைத் தேடித் தொகுத்தவர் என்பது இங்கே நினைவுகொள்ளத்தக்கது. பாட்டி சொன்ன கதைகளையும் ஸ்காட்லாந்துப் போலீஸ்காரரின் கதைகளையும் ஒரே மேசையில் வைத்து எழுதியவர் அவர்.

அவருக்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியார் வந்தார். ஹோம்ஸ் அவரிடம் ஆனந்தசிங் ஆனார். ரெயினால்ட்ஸின் நாவல்கள் இரத்தினபுரிகளாக உருமாறின. ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு அறிமுகமானான்; அவரது 'ராஜாம்பாள்' 1935இலும் 1951இலும் இருமுறை திரைப்படமாயிற்று. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950இல் எம்.என். நம்பியாரின் உருவில் திரைக்கு வந்தார். 1940களில் தேவன் ஆனந்த விகடனில் 'துப்பறியும் சாம்பு'வை எழுதியபோது இந்த வகைமை தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் அளவுக்கு முதிர்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

இந்நூல்களை இன்று வாசிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. பெரும்பாலான கதைகளில் துப்பறிவாளர் யோசிப்பதில்லை, வேஷம் போடுகிறார். சாமியாராக, கிழவியாக, குதிரைக்காரனாக மாறி வில்லனின் வீட்டுக்குள் நுழைந்து இரகசியத்தை ஒட்டுக்கேட்கிறார். தடயத்திலிருந்து முடிவுக்குச் செல்லும் தர்க்கப் பாதை மிகக் குறுகலாகவே இருக்கிறது. குற்றவாளி பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவன், தண்டனைதான் தாமதம். பழைய கூத்தின் மாறுவேட மரபும், தர்மம் இறுதியில் வெல்லும் என்ற புராண நம்பிக்கையும் ஆங்கிலக் கோட்டு அணிந்து வந்தவை இந்தக் கதைகள் என்று தோன்றும். சட்டத்தின் முன் சாட்சியத்தை அடுக்கி வாதிடும் துப்பறிவாளர் தமிழில் வலுவாக நிலைபெற, சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' வழியாக வரவேண்டியிருந்தது. தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' போன்ற நீதிமன்ற நாவல் இடையில் ஒரு நல்ல விதிவிலக்கு.

ஏன் இப்படி? எழுத்தாளர்களின் திறமைக்குறை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமான விடையாகப் படவில்லை. துப்பறியும் கதை என்பது சமூகத்தில் 'நிரூபணம்' பற்றிய ஒரு குறிப்பிட்ட மனநிலை பரவிய பிறகே வேர்கொள்ளும் வடிவம். 1841இல் எட்கர் ஆலன் போ முதல் துப்பறியும் கதையை எழுதும்போது, அவருடைய வாசகர்களுக்கு சாட்சி, குறுக்கு விசாரணை, ஜூரி எல்லாம் செய்தித்தாளில் படித்துப் பழகியவை. நமக்கு இந்தியச் சாட்சியச் சட்டம் 1872இல் வந்தது; தானவன் அதற்கு 22 ஆண்டுகள் கழித்து வந்தார். அந்த 22 ஆண்டுகளில் நீதிமன்றம் வந்துவிட்டது. நிரூபணம் பற்றிய நம் மனம் மாறிவிட்டதா என்பதுதான் கேள்வி. அதற்கு முன்னால் நாம் உண்மையை எப்படிக் கண்டடைந்தோம்?

இந்த இடத்தில்தான் நாஞ்சில்நாடு உள்ளே வருகிறது.

*

முதல் பரிசு, ஒரு பாத்திரம் நெய்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் வழியில் இருக்கிறது சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலின் கோபுரமும் இசைத்தூண்களும் பேரனுமனும் பயணிகளுக்குத் தெரியும். இக்கோயிலில் 'கைமுக்கு' என்ற சத்தியப் பரீட்சை நடந்துவந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, இறைவன் சன்னிதியில் கொதிக்கும் நெய்யில் கையை முக்கவேண்டும். பின் கையைக் கட்டிவைத்துச் சில நாட்கள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி, வேகாதிருந்தால் நிரபராதி. இந்திரனே தன் சாபம் தீர இங்கே கொதிநெய்யில் மூழ்கித் தூய்மையடைந்தான் என்று தலபுராணம் சொல்கிறது. 'சுசி' என்ற தூய்மைச் சொல்லையே ஊர்ப்பெயரின் வேராகவும் காட்டுகிறார்கள். சுவாதித் திருநாள் மன்னரின் ஆட்சியில் (1829-1846) இவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. நாஞ்சில்நாட்டின் மகனான வரலாற்றறிஞர் கே.கே. பிள்ளை 1953இல் வெளியான தம் சுசீந்திரம் கோயில் பற்றிய ஆங்கில நூலில் இக்கோயிலின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இதைப் படித்ததும் 'காட்டுமிராண்டித்தனம்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஐரோப்பாவும் இதையே செய்தது. கொதிநீரும் பழுக்கக் காய்ச்சிய இரும்பும் அங்கும் சாட்சி சொல்லின. 1215இல் ரோமில் கூடிய லாட்டரன் திருச்சபைப் பேரவை இப்பரீட்சைகளில் குருமார் பங்கேற்கக் கூடாது என்று தடைசெய்தது. கடவுள் சாட்சிக்கூண்டிலிருந்து இறங்கிக்கொண்டார். மனிதர்கள் தாங்களே விசாரித்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. இங்கிலாந்தில் ஜூரி முறை குற்ற வழக்குகளுக்குள் நுழைந்தது அதற்குப் பிறகுதான். போவும் கானன் டாயிலும் எழுதியது அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்.

திருவிதாங்கூரில் இந்த மாற்றம் எத்தனை நெருக்கத்தில் நடந்தது என்பதுதான் வியப்பு. கர்னல் ஜான் மன்றோ 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்தபோது மாவட்ட நீதிமன்றங்களை ஏற்படுத்தினார். அவற்றில் ஒன்று பத்மநாபபுரத்தில் அமைந்தது. அதாவது ஒரு தலைமுறைக் காலம், சில மணிநேர நடை தூரத்தில், ஒருபுறம் எழுத்துப் பிரமாணங்களை வாசித்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றமும் மறுபுறம் கொதிக்கும் நெய்யில் தீர்ப்பைத் தேடும் கோயிலும் சேர்ந்தே இருந்தன. ஐரோப்பா அறுநூறு ஆண்டுகளில் கடந்த தூரத்தை நம் கொள்ளுத் தாத்தாக்களின் முன்னோர் ஒரே வாழ்நாளில் கடக்கவேண்டியிருந்தது. அப்படிக் கடந்தவர்களின் பேரர்கள் எழுதிய துப்பறியும் கதைகளில் தர்க்கத்தைவிடத் தெய்வச்செயல் மிகுந்திருப்பதில் என்ன ஆச்சரியம்?

அடுத்திருந்த கொச்சியில் இம்மாற்றத்தின் உச்சகட்டம் 1905இல் நடந்தது. குறியேடத்துத் தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண்மீது நடந்த 'ஸ்மார்த்த விசாரம்' அது. தன்னோடு உறவுகொண்ட அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களை அவள் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னாள். சும்மா சொல்லவில்லை, சாட்சியத்தோடு சொன்னாள். பெயர் சொல்லப்பட்ட ஆண்களுக்கு அவளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பை மன்னர் அளித்தார். தப்பியவர் யாரும் இல்லை என்பார்கள். பழைய சடங்கு விசாரணைக்குள்ளேயே நவீன சாட்சிய முறை புகுந்துகொண்ட தருணம் அது. மலையாளத்தின் முதல் துப்பறியும் நாவல் என்று சொல்லப்படும் அப்பன் தம்புரானின் 'பாஸ்கரமேனோன்' நூலாக வெளிவந்ததும் அதே 1905இல்தான். அப்பன் தம்புரான் கொச்சி அரச குடும்பத்தவர். இவ்விரண்டையும் காரண காரியமாக இணைப்பது மிகை. ஒரே காற்றில் இரண்டும் மிதந்தன என்றாவது சொல்லலாம்.

*

இரண்டாவது பரிசு, ஒரு கள்ளிக் கொம்பு.

நாஞ்சில்நாட்டு வில்லுப்பாட்டுக் கதைகளில் நீலி கதைக்குத் தனியிடம் உண்டு. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டின் பெயரோடும் முப்பந்தல் இசக்கியம்மனோடும் இது பின்னிக் கிடக்கிறது. கதையின் சாரம் இது: நகைக்கு ஆசைப்பட்டு ஒருவன் தன்னை நம்பி உடன்வந்த தாசியைக் காட்டில் கல்லால் கொல்கிறான். சாட்சி யாரும் இல்லை, அங்கே நின்ற ஒரு கள்ளிச் செடியைத் தவிர. மறுபிறவியில் கொலையுண்டவள் நீலியாக வருகிறாள். கொலைகாரன் செட்டியாகப் பிறந்திருக்கிறான். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் கணவர், என்னைக் கைவிடப் பார்க்கிறார்' என்று பழையனூர் வேளாளர் எழுபது பேரிடம் முறையிடுகிறாள். செட்டி அவள் பேய் என்று கதறுகிறான். குழந்தை அவனை அப்பா என்று அழைத்துத் தாவுகிறது. ஊர்ப்பெரியவர்கள் அதைப் போதிய சான்றாகக் கொள்கிறார்கள். அவனுக்கு எதுவும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்களித்து இருவரையும் ஒரே அறையில் விடுகிறார்கள். விடிந்ததும் செட்டி பிணம். எழுபதுபேரும் வாக்குப்படித் தீயில் இறங்குகிறார்கள்.

துப்பறியும் கதையின் எல்லா உறுப்புகளும் இதில் உண்டு. கொலை, மறைந்த சாட்சி, மாறுவேடம், விசாரணைக் குழு, பூட்டிய அறை. ஆனால் எல்லாம் தலைகீழாக இருக்கின்றன. சாட்சியே ஆயுதமாகிறது. மாறுவேடம் போடுவது துப்பறிவாளர் அல்ல, கொலையுண்டவள். விசாரித்தவர்கள் சாகிறார்கள். இக்கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு 'கண்ணால் கண்டதும் பொய்' என்பது வெறும் பழமொழி அல்ல. கண்முன் தெரியும் சான்றை நம்பித் தீர்ப்புச் சொன்ன எழுபது நல்லவர்கள் எரிந்து சாம்பலான கதை அவனுக்குள் இருக்கிறது. நல்லெண்ணம் மட்டும் விசாரணை ஆகாது என்பதை இதைவிடக் கடுமையாகச் சொன்ன படைப்பு அரிது.

இதனோடு சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வைத்துப் பார்க்கலாம். அங்கே கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். ஒரே ஒரு பௌதிகத் தடயம், மறுக்கமுடியாத முடிவு. ஆனால் அந்தச் சோதனை நடந்தது கோவலன் இறந்த பிறகு. விசாரணை தண்டனைக்குப் பின்னால் வந்ததால்தான் மதுரை எரிந்தது. தமிழ் மரபின் இரு பெரும் குற்றக் கதைகளும் அவசரத் தீர்ப்பின் நெருப்பில் முடிகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும்.

*

மூன்றாவது பரிசு, ஒரு போலீஸ்காரர் எழுதிய புத்தகம்.

கே.என். சிவராஜ பிள்ளை (1879-1941) நாஞ்சில்நாட்டவர். திருவிதாங்கூர் போலீஸ் துறையில் பணியாற்றியவர். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தார். 1932இல் பல்கலைக்கழக வெளியீடாக வந்த அவரது ஆங்கில நூல் பண்டைத் தமிழரின் காலவரிசையைப் பற்றியது. அதன் முறைதான் இங்கே முக்கியம். சங்கப் பாடல்களில் வரும் அரசர்கள், குறுநிலத் தலைவர்கள், புலவர்கள் ஆகியோரின் பெயர்களை எடுத்துக்கொண்டு, யார் யாரைப் பாடினார், யார் காலத்தில் யார் இருந்தார் என்று ஒத்திசைவு அட்டவணைகளை அமைத்தார். ஒரு புலவர் இரண்டு அரசரைப் பாடியிருந்தால் அந்த இருவரும் ஒருவரையொருவர் தொட்டு நிற்கும் காலத்தவர். அந்த இரண்டாமவரை வேறொரு புலவர் பாடியிருந்தால் சங்கிலி நீள்கிறது. இப்படியே தலைமுறைகள் அடுக்கப்படுகின்றன.

அகதா கிறிஸ்டியின் வாசகர்கள் இந்த முறையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கொலை நடந்த இரவில் யார் எங்கே இருந்தார், யாரை யார் கடைசியாகப் பார்த்தார் என்று பாய்ரோ போடும் பட்டியல்தான் இது. வித்தியாசம் என்னவென்றால் இங்கே சாட்சிகள் எல்லாரும் இறந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்கள் விட்டுச்சென்றது செய்யுள் மட்டுமே.

அவரது இன்னொரு நூல் தமிழ்நாட்டில் அகத்தியர் பற்றியது. தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று போற்றப்பட்ட முனிவரைப் பற்றிய ஒவ்வொரு கதையும் எந்தக் காலத்து நூலில் முதலில் தலைகாட்டுகிறது என்று தேடிச்சென்று, இம்மரபு பிற்காலத்தில் வளர்ந்தது என்ற முடிவுக்கு வந்தார். பொதிகை மலைத்தொடரின் நிழலில் பிறந்த ஒருவர் அகத்தியரைக் கூண்டிலேற்றி விசாரிப்பது அன்று எளிய காரியமாக இருந்திருக்காது. அவர் முடிவுகளில் பல பின்னால் மறுக்கப்பட்டன. அவரது கால வரையறைகளை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் மறுத்தவர்களும் அவர் விரித்துவைத்த சான்றுகளின்மேல் நின்றுதான் மறுக்கவேண்டியிருந்தது. சான்றை மறைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு வாதிடுபவர் தோற்றாலும் துறை முன்னேறுகிறது.

இந்த நேர்மையைத்தான் ஆங்கிலத் துப்பறியும் கதையின் பொற்காலம் தன் விதியாக்கிக்கொண்டது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அவற்றின் சாரம் ஒன்றுதான்: துப்பறிவாளருக்குக் கிடைத்த தடயம் எல்லாம் வாசகருக்கும் கிடைக்கவேண்டும். அமானுஷ்ய சக்தி உதவிக்கு வரக்கூடாது. நாக்ஸ் தம் கட்டளைகளை எழுதிய அதே காலகட்டத்தில் சிவராஜ பிள்ளை தம் அட்டவணைகளை வரைந்துகொண்டிருந்தார்.

*

நான்காவது பரிசு ஓர் எண்: 14,49,087.

புதுக்கடையை அடுத்து, முஞ்சிறைக்கு அருகில், பார்த்திவபுரம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள விஷ்ணு கோயிலை எழுப்பியவன் ஆய் மன்னன் கருநந்தடக்கன். அவன் வெளியிட்ட செப்பேடு திருவனந்தபுரம் ஹஜூர் அலுவலகத்தில் இருந்ததால் ஹஜூர் அலுவலகச் செப்பேடு என்று பெயர்பெற்றது. டி.ஏ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் அதைப் பதிப்பித்தார். மன்னன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று, கோயில் கட்டி, 95 சட்டர்கள் தங்கிப் பயிலும் ஒரு சாலையை நிறுவிய செய்தி அதில் இருக்கிறது. சாலைக்குள் சண்டையிடக் கூடாது, ஆயுதம் ஏந்தக் கூடாது என்பது போன்ற விடுதி விதிகளும் உண்டு.

செப்பேடு தன் தேதியை ஆண்டாகச் சொல்லாமல் கலியுகம் தொடங்கி எத்தனையாவது நாள் என்று சொல்கிறது: 14,49,087. கி.மு. 3102 பிப்ரவரியில் தொடங்கும் கலிக்கணக்கில் இத்தனை நாள் என்றால் 3967 ஆண்டுகளும் சுமார் மூன்றரை மாதங்களும். அதாவது கி.பி. 866 ஜூலை. எந்த அரசனின் மெய்க்கீர்த்தியும் தேவையில்லை, எந்தக் கர்ணபரம்பரைக் கதையும் தேவையில்லை. தாளும் பென்சிலும் போதும். வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு தூய்மையான தடயம் ஹோம்ஸுக்குக்கூட அடிக்கடி வாய்த்ததில்லை.

இதே செப்பேடு இன்னொரு பெரிய வழக்கிலும் சாட்சியாகிறது. பார்த்திவபுரம் சாலை காந்தளூர்ச் சாலையின் நெறிமுறையைப் பின்பற்றி அமைந்தது என்கிறது அது. காந்தளூர்ச் சாலை என்றதும் வரலாற்று வாசகர் நிமிர்ந்து உட்காருவார். முதலாம் ராஜராஜன் (985-1014) தன் வெற்றிகளில் முதன்மையாகப் பொறித்துக்கொண்டது காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்த' செயலை. கலம் என்றால் என்ன? கப்பலா, உண்கலமா, வேறு ஏதேனும் உரிமையா? கப்பல் என்று கொண்ட வரலாற்றாசிரியர்கள் சேரனின் கடற்படையை அழித்த போராக அதை எழுதினார்கள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876-1954) காந்தளூர்ச் சாலை பற்றித் தனி நூலே எழுதினார். நமக்கெல்லாம் குழந்தைப் பாடல்களால் தெரிந்த கவிமணி, கல்வெட்டுகளையும் ஓலைகளையும் தேடி அலைந்த ஆய்வாளரும்கூட. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் வெளியுலகுக்குத் தெரியவந்ததில் அவருக்குப் பங்குண்டு. 'சாலை' என்ற சொல்லுக்கு அக்காலத்து ஆவணங்களில் என்ன பொருள் என்ற கேள்வியை முன்வைத்து இவ்வழக்கை அணுகலாம் என்பதை இத்தகையவர்கள் காட்டினார்கள். 95 மாணவர்கள் உண்டு பயிலும் நிறுவனம்தான் சாலை என்றால், அங்கே கலம் அறுப்பது கடற்போராகத்தான் இருக்கவேண்டுமா என்ற ஐயம் எழுகிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. கடைசிப் பக்கம் கிழிந்துபோன துப்பறியும் நாவல் அது. அதனால்தான் சிறந்த பரிசு.

*

இங்கே ஓர் எதிர்ச்சான்றையும் வைக்கவேண்டும். திகம்பர சாமியாரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்கார், நாவல்களில் ஈட்டிய புகழோடு வரலாற்றாய்வுக்குள் இறங்கினார். ஆங்கிலத்தில் எழுதிய 'லாங் மிஸ்ஸிங் லிங்க்ஸ்' என்ற பெருநூலில் பண்டை எகிப்தியரையும் வைணவ ஐயங்கார்களையும் தொடர்புபடுத்தினார். அறிஞர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்த முரணை யோசித்துப் பார்க்கலாம். போலீஸ் துறையிலிருந்து வந்த சிவராஜ பிள்ளை கதை எழுதவில்லை. வரலாற்றைத் துப்பறியும் கதையின் ஒழுக்கத்தோடு அணுகினார். துப்பறியும் கதைகளின் ஆசிரியரோ வரலாற்றைத் திடுக்கிடும் திருப்பமாக அணுகினார். ஒலி ஒற்றுமையும் சடங்கு ஒற்றுமையும் அவருக்குத் தடயமாகத் தோன்றின. விரும்பிய முடிவை முதலில் வைத்துக்கொண்டு தடயத்தைப் பிறகு தேடுவதுதான் அந்த முறை. வடுவூரைக் கேலி செய்யவேண்டியதில்லை. அவருடைய முறைதான் இன்று வென்றுகொண்டிருக்கிறது. கைப்பேசியில் நாள்தோறும் வந்துவிழும் 'மறைக்கப்பட்ட வரலாறு'களில் பத்துக்கு ஒன்பது அவருடைய பேரக்குழந்தைகள். சாதிக்கு ஒரு சக்கரவர்த்தி, ஊருக்கு ஒரு கடல்கொண்ட நகரம். யாரும் எண்ணைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்வதில்லை. நெய்யில் கைவிடத்தான் சொல்கிறார்கள். நம்பினால் வேகாது, சந்தேகித்தால் வெந்துவிடும்.

ஆகவே துப்பறியும் கதையைப் பொழுதுபோக்கு என்று இலக்கிய வாசகர்கள் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல துப்பறியும் கதை வாசகருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத்தருகிறது: கடைசிவரை தீர்ப்பைத் தள்ளிவை, வெளிப்படையாகத் தெரிபவனைச் சந்தேகி, அதைவிட உன் வெறுப்பைச் சந்தேகி. நாஞ்சில்நாட்டின் தீவிர இலக்கியம் இதை அறிந்தே இருந்தது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) நாவலில் ஒரு கொலை நடக்கிறது. பழி எளிதாகப் போய் விழுவது பனையேறும் இளைஞன்மீது. யார் கொன்றது என்பதைவிட, ஏன் எல்லாராலும் உடனே அவனைக் குற்றவாளியாக நம்பமுடிந்தது என்பதே அங்கே புதிர். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) ஒரு மரத்தின் கொலையைப் பற்றிய நாவல். குற்றவாளியைத் தேடிப்போனால் நகரமே கூண்டில் நிற்கிறது. துப்பறிவாளர் இல்லாத துப்பறியும் நாவல்கள் என்று இவற்றைச் சொல்லிப் பார்க்கலாம்.

*

இனி பரிசுக்கு வருவோம். நண்பருக்குத் தொப்பி வேண்டாம். சுசீந்திரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் ஒருநாள் பயணம் அழைத்துச் செல்லலாம். நெய்யையும் நீதிமன்றத்தையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். மாலையில் நேரமிருந்தால் பார்த்திவபுரம். கோயிற்கொடை நடக்கும் மாதமென்றால் எங்காவது நீலி கதை கேட்கக் கிடைக்கும். 'புத்தம் வீடு' கடைகளில் கிடைக்கிறது. சிவராஜ பிள்ளையின் நூலைப் பழைய நூலகங்களில் தேடவேண்டும்.

தானவனையும் கோவிந்தனையும் தேடுபவர்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குத்தான் போகவேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர், அறிஞர்கள் குப்பை என்று தள்ளிய மலிவுப் பதிப்புகளையும் நோட்டீசுகளையும் சேர்த்துவைத்ததால் இன்று அவை நமக்கு இருக்கின்றன. 1992இல் அவர் மறைந்தபின் அச்சேகரிப்பைக் கொண்டு 1994இல் அந்நூலகம் உருவாயிற்று. தேவையற்றது என்று எல்லாரும் கருதிய துண்டுக் காகிதத்தை எடுத்துப் பத்திரப்படுத்துவதுதானே துப்பறிவாளரின் முதல் குணம்?

நாஞ்சில்நாட்டு வீடுகளின் பரண்களில் இன்னும் ஓலைக்கட்டுகள் இருக்கக்கூடும். கைமாறிக் கைமாறி அட்டை போன பழைய நாவல்களும் இருக்கக்கூடும். அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவற்றைப் பழைய பேப்பர்காரருக்கு எடைபோடும் முன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பவர், துப்பறியும் கதை வாசகருக்கு மட்டுமல்ல, நம் எல்லாருக்கும் பரிசளிப்பவர்.